கொழும்பில் புதிதாகக் குடியேறுவோருக்கு: குறை சொல்வதையும் விடுப்புக் கதையையும் (ஊர் வம்பையும்) விட்டு நல்ல சொல்லால் காரியம் முடிக்கும் முறை

வேலைக்கோ படிப்புக்கோ கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முற்பணம் எவ்வளவு, எந்த பஸ், எங்கே மலிவாகச் சாப்பிடலாம் என்பதை எல்லாம் உங்களுக்குச் சொல்லப் பலர் இருப்பார்கள். ஆனால் இங்குள்ள நெருக்கமான தமிழ் வட்டத்துக்குள் வாய்ச்சொல்லை எப்படிக் கையாள வேண்டும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. நானும் அதைப் பட்டுத்தான் அறிந்துகொண்டேன்.

நான் தங்கியிருந்த வீட்டில் எல்லா அறைகளுக்கும் ஒரே தண்ணீர் மீற்றர்தான் இருந்தது. ஒரு மாதம் கட்டணம் கூடுதலாக வந்தபோது, “இது எப்படி இவ்வளவு வந்தது?” என்று சமையலறையில் எழுந்த சாதாரணக் கேள்வி, பக்கத்து அறைக்காரர், அவருடைய மச்சாள், அந்த மச்சாளைக் கோயிலில் சந்தித்த வீட்டுக்கார அம்மாவின் தங்கை என்று வாய் மாறிப் போய், வீட்டுக்கார அம்மாவின் காதில் விழும்போது “அன்ரி தண்ணிக் காசிலை அடிக்கிறாவாம்” என்று ஆகியிருந்தது. கேள்வியில் பிழை இருக்கவில்லை. அது போக வேண்டிய ஆளிடம் நேரே போகாமல், போகத் தேவையில்லாத மூன்று பேருக்கூடாகப் போனது. அந்த வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசும் நிலை திரும்புவதற்குப் பல மாதங்கள் பிடித்தன.

கீழே சொல்லும் படிகளை ஒழுங்காகப் பின்பற்றினால் ஒன்றரை, இரண்டு மாதத்துக்குள் உங்கள் பேச்சு மாறுவதை உங்களால் உணர முடியும். பெரிய செலவு எதுவும் இல்லை. முதல் படியைத் தவிர்த்துவிட்டு நேரே நான்காம் படிக்குப் போக வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

1. ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்

80 பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று போதுமானது. இரண்டு வாரங்களுக்கு, இரவு படுக்கப் போகமுன், அன்று நீங்கள் வாய்விட்டுச் சொன்ன குறைகளையும் அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசியவற்றையும் எழுதுங்கள். மனதில் நினைத்தவற்றை எழுத வேண்டாம். வாயால் சொன்னவை மட்டும் போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் அந்த ஆளால் அதைத் தீர்க்க முடியுமா என்பதையும் குறியுங்கள்.

உதாரணமாக ஒரு வரி இப்படி இருக்கும்: “செவ்வாய். மேல்மாடியில் விடிய ஐந்து மணிக்குக் கிரைண்டர் போடுகிறார்கள். சொன்னது அலுவலகத்தில் பக்கத்து மேசை அக்காவிடம். அவவால் முடியாது.” இரண்டு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், கடைசிப் பகுதியில் “முடியாது” என்ற சொல்லே திரும்பத் திரும்ப வந்திருப்பதைக் காண்பீர்கள். எந்தக் குறையை யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்ற அடுத்த படிக்கு இந்தக் கொப்பிதான் ஆதாரம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பகிர்ந்து தங்கும் அறையில் கொப்பி எவர் கையிலும் படலாம். ஆகவே பெயர்களை எழுதாமல் உங்களுக்கு மட்டும் விளங்கும் ஓர் எழுத்தையோ அடையாளத்தையோ இடுங்கள். இரண்டு வாரம் முடிந்து, தேவையானவற்றைப் பிரித்தெடுத்த பின்னர், அந்தத் தாள்களைக் கிழித்து அழித்துவிடுங்கள். கொப்பியே ஒரு கோள் மூட்டியாக மாறிவிடக் கூடாது.

2. ஒவ்வொரு குறைக்கும் உரிய ஆளைக் கண்டுபிடியுங்கள்

கொப்பியில் உள்ளவற்றை எடுத்து, இதைத் தீர்க்கக் கூடியவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சித்திரை மாதத்து வெக்கை, மாலை நேரத்துக் காலி வீதி நெரிசல் போன்றவற்றுக்கு நீங்கள் போய்ப் பேசக்கூடிய ஆள் எவருமில்லை. அவற்றின் மேல் கோடு போட்டுவிட்டு அப்பால் செல்லுங்கள். ஆளைக் கண்டுபிடிக்கக் கூடியவற்றுக்கு அந்த ஆளை எழுதுங்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939 என்ற இலக்கமும், மின்சாரம் நின்றால் 1987 என்ற இலக்கமும் இருக்கின்றன. கடையில் காலாவதியான பொருளை விற்றுவிட்டார்கள் என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இருக்கிறது. எந்த அரச அலுவலகத்துக்குப் போவது என்றே விளங்காதபோது 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்தை அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

அரச அலுவலகம் ஒன்றில் உங்கள் கோப்பு அசையாமல் கிடக்கிறது என்று பத்துப் பேரிடம் புலம்புவதைவிட, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு பக்க விண்ணப்பம் கொடுப்பது எவ்வளவோ மேல். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கோபமான ஒரு சொல்லும் இல்லாமல், கோப்பு இலக்கத்தையும் திகதியையும் மட்டும் எழுதிக் கேட்கலாம்.

தொடர்மாடியில் இருப்பவர்கள், லிஃப்ட், குப்பை, வாகனத் தரிப்பிடம் போன்ற பொது விடயங்களைக் காவலாளியிடம் புறுபுறுக்காமல் அந்தக் கட்டடத்தின் முகாமைத்துவக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். வாடகைக்கு இருப்பவரானால் உங்கள் வீட்டு உரிமையாளர் ஊடாகக் கொடுப்பதே முறை, ஏனென்றால் அங்கே குரல் உரிமையாளருக்குத்தான் உண்டு. காவலாளியிடம் சொன்னது மாலைக்குள் எல்லா மாடிக்கும் போய்ச் சேரும். தீர்வு மட்டும் வராது.

3. வாயைத் திறக்கமுன் ஆவணத்தைக் கையில் எடுங்கள்

கொழும்பு வாடகை வீடுகளில் பிறக்கும் மனக்கசப்புகளில் பெரும்பகுதி தண்ணீர், மின்சாரக் கட்டணங்களில்தான் தொடங்குகிறது என்பது என் அனுபவம். அதனால் இந்தப் படியில் சற்று அதிகமாக நிற்கிறேன்.

வீட்டுப் பாவனைக்கான நீர்க்கட்டணமும் மின்கட்டணமும், அலகு கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் படிப்படியாக உயரும் முறையில் கணக்கிடப்படுகின்றன. ஐந்து பேர் ஒரே மீற்றரில் பாவிக்கும்போது, தனித்தனி மீற்றர் இருந்திருந்தால் ஒவ்வொருவரும் குறைந்த விலைப் படியில் நின்றிருக்கக் கூடியவர்கள், எல்லோருமாகச் சேர்ந்து உயர்ந்த படிக்குப் போய்விடுகிறார்கள். பாவனை சிறிதளவு கூடியிருக்கும். காசு அதைவிட மிக அதிகமாகக் கூடியிருக்கும். இது தெரியாதவருக்கு உடனே தோன்றுவது “யாரோ ஏமாற்றுகிறார்கள்” என்ற எண்ணம்தான். ஆகவே பில்லில் காசுத் தொகையைப் பார்க்க முன்னர், முந்திய வாசிப்பு, இப்போதைய வாசிப்பு, பாவித்த அலகு ஆகிய மூன்றையும் பாருங்கள்.

குடிபுகும் அன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. தண்ணீர் மீற்றரையும் மின்சார மீற்றரையும் திகதி தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து, அந்த வாசிப்பை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதும்படி மரியாதையாகக் கேளுங்கள். கட்டணம் எப்படிப் பிரிக்கப்படும், ஆள் கணக்கிலா அறைக் கணக்கிலா என்பதும் அதிலேயே இருக்கட்டும். விருந்தினர் வந்து இரண்டு வாரம் தங்கினால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வைத்தியத்துக்காக வந்து தங்கும் வீடுகளில் இது எப்போதும் வரும் கேள்வி. ஒப்பந்தப் பிரதி, முற்பணத்துக்கான பற்றுச்சீட்டு, மாத வாடகை வங்கியில் போட்ட சீட்டுகள், மீற்றர்ப் படங்கள், கடைசி மூன்று பில்களின் பிரதிகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கோப்புக்கும் பிரதிகளுக்கும் சில நூறு ரூபாவுக்கு மேல் போகாது.

பில் கூடி வந்தால், யாரையும் நினைக்க முன்னர் ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இரவு எல்லோரும் படுத்த பின் எல்லாக் குழாய்களையும் பூட்டி, மீற்றர் வாசிப்பைக் குறித்து, விடிய எவரும் குழாயைத் திறக்க முன்னர் மறுபடி பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கழிவறைச் சிஸ்டனுக்குள் துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம் கலந்து, தண்ணீர் அடிக்காமல் அரை மணித்தியாலம் விட்டுப் பார்த்தால், கோப்பைக்குள் நீலம் இறங்கியிருக்கிறதா என்பதிலிருந்து அந்தச் சிஸ்டன் ஒழுகுகிறதா என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். அத்தனை கதைக்கும் காரணமாக இருந்தது சிஸ்டனுக்குள் தேய்ந்துபோன ஒரு இறப்பர் வாசர்.

4. நேரத்தையும் சொற்களையும் தெரிந்து பேசுங்கள்

உரிய ஆளும் ஆவணமும் கிடைத்த பிறகுதான் பேச்சு. முதலில் நேரம் கேளுங்கள். சைவர் வீடானால் வெள்ளிக்கிழமை மாலையையும், கிறிஸ்தவர் வீடானால் ஞாயிறு காலையையும், முஸ்லிம் வீடானால் வெள்ளி நண்பகல் ஜும்ஆ நேரத்தையும் விடுங்கள். வாடகை கொடுக்கும் அன்றே பேச வேண்டாம். காசைக் கையில் வைத்துக்கொண்டு குறை சொல்வதுபோல் ஆகிவிடும். சனிக்கிழமை முற்பகல் பத்து மணிக்குப் பிறகு, சமையல் அலுவல் தொடங்க முன்னர், பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும்.

வயதில் மூத்த வீட்டுக்காரரிடம் இப்படித் தொடங்கலாம்: “அன்ரி, இந்த மாசத் தண்ணி பில்லை ஒருக்காச் சேர்ந்து பார்ப்பமோ? போன மாசத்தைவிட அலகு கூடியிருக்கு. சிஸ்டனிலை ஏதும் ஒழுக்கு இருக்கோ தெரியேல்லை, நான் பார்த்துச் சொல்லட்டோ?” இதிலே குற்றச்சாட்டு இல்லை, பார்க்க வேண்டிய பொருள் இருக்கிறது, உங்கள் பங்குக்கு ஒரு வேலையையும் ஏற்றுக்கொள்கிறீர்கள்.

மிகவும் கவனிக்க வேண்டிய கண்ணி, “எல்லாரும் சொல்லுகினம்” என்ற சொற்றொடர். தன் கேள்விக்குப் பலம் சேர்ப்பதாக நினைத்து இதைச் சொல்கிறோம். கேட்பவருக்கு அதுதான் குத்தும். தனக்குத் தெரியாமல் தன்னைப் பற்றி வீடு முழுவதும் பேசியிருக்கிறது என்பதே அவர் காதில் விழுகிறது, பில் மறந்துபோகிறது. உங்கள் குறையை உங்கள் பெயரில் மட்டும் சொல்லுங்கள். மற்றவருக்கும் அதே குறை இருந்தால் அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். வராதவரின் வாயை இரவல் வாங்காதீர்கள். இதேபோல் “எப்ப பார்த்தாலும்”, “ஒருநாளும்” என்ற சொற்களையும் விட்டு, நடந்த நாளைச் சொல்லுங்கள்.

பேசி முடிந்த அன்றே, இரண்டு வரியில் ஒரு செய்தி அனுப்புங்கள்: நேரம் தந்ததற்கு நன்றி, பேசியபடி இன்னது இன்ன நாளுக்குள் செய்வோம். அதன் பிறகு ஒரு வாரம் பொறுங்கள். அந்த ஒரு வாரத்தில் இதைப் பற்றி வேறு எவரிடமும் பேசாமல் இருப்பதுதான் இந்தப் படியின் கடினமான பகுதி, ஏனென்றால் “என்ன சொன்னவ?” என்று கேட்க வீட்டில் நாலு பேர் காத்திருப்பார்கள். “கதைச்சிருக்கிறம், பார்ப்பம்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம்.

5. விடுப்புக் கதை உங்களிடம் வரும்போது

நீங்கள் பேசாவிட்டாலும் கதை உங்களைத் தேடி வரும். மரைன் டிரைவில் மாலை நடக்கும்போது வரும், கோயில் மண்டபத்தில் வரும், லிஃப்டுக்குள் மூன்றாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் இடையில் வரும். 100, 101 பஸ்களில் காலி வீதி வழியே போகும்போது உங்களைச் சுற்றி நிற்பவர்களில் பலருக்குத் தமிழ் விளங்கும் என்பதை மறக்காதீர்கள்.

மூத்தவர்களிடம் “இப்படிப் பேசக் கூடாது” என்று சொல்வது நம் வழக்கத்தில் மரியாதைக் குறைவு. அது இன்னொரு கதைக்கு விதையாகவும் ஆகும். அதனால் மறுக்காமல், சேராமல், அவருடைய சொந்த நலனை விசாரித்துத் திருப்புங்கள்: “அப்பிடியோ மாமி, எனக்கு ஒண்டும் தெரியாது. உங்கட முழங்கால் வருத்தம் இப்ப எப்படி?” அநேகமாக அவருக்கும் தேவைப்படுவது யாராவது தன்னோடு இருந்து கதைப்பதுதான், முழங்காலைப் பற்றிக் கேட்க ஆள் கிடைத்தால் அடுத்த வீட்டுப் பெண்ணை அவர் விட்டுவிடுவார். உங்கள் வயதுக்காரர் என்றால் நேரடியாகவே சொல்லலாம்: “அவன் இல்லாத நேரம் வேண்டாம் மச்சான், அவன் வந்தபிறகு கதைப்பம்.” அலுவலகத்தில் உங்கள் மேலதிகாரி ஒருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், வேலை சம்பந்தப்பட்ட பகுதிக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

தலையாட்டாதீர்கள். பேசாமல் தலையாட்டியவரையும் சாட்சியாக்கி, “அவவும் அதைத்தான் சொன்னவ” என்று கதை காவுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதில் தனியாகச் சொல்ல வேண்டியது கலியாண விசாரிப்பு. கொழும்பில் சில காலம் இருந்துவிட்டால், உங்கள் வீட்டில், அலுவலகத்தில், தொடர்மாடியில் இருக்கும் ஒருவரைப் பற்றி ஊரிலிருந்தோ கனடாவிலிருந்தோ தொலைபேசி வரும்: “தம்பி, அந்தப் பொடியன் எப்படி?” இந்த அழைப்பில் நீங்கள் அலட்சியமாகச் சொல்லும் ஒரு வார்த்தை, ஒரு சிறு தயக்கம், ஒரு “ம்...” கூட ஒரு பேச்சுக்காலை முறித்துவிடும். அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டியதில்லை. யார் பேசுகிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்று அறிந்துகொண்டு, நாளைக்கு எடுக்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பிறகு, உங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: “நான் ஒரு வருசமாப் பக்கத்து அறையிலை இருக்கிறன். ஒழுங்கா வேலைக்குப் போய்வாறவர், ஒருதரோடையும் சச்சரவில்லை. மற்ற விசயங்களை நேரா அவையிட்டையே கேளுங்கோ.” பழைய நட்பு, குடும்பத்துக் கடன், சாதி, யாரோ சொன்ன நோய் ஆகிய எதையும் உங்கள் வாயால் சொல்ல வேண்டாம்.

அதற்காகப் பொய்யும் சொல்லக் கூடாது. அந்த ஆள் ஒருவரை அடித்ததை நீங்கள் கண்ணால் கண்டிருந்தால், இன்ன நாள் இன்னதைக் கண்டேன் என்று சொல்லத்தான் வேண்டும். நாளைக்கு அந்த வீட்டுக்குப் போகப் போகிற பெண்ணின் பாதுகாப்பு, நம்முடைய நல்ல பெயரைவிடப் பெரியது. அதைக் கூட்டாமல் குறைக்காமல், அந்த ஒன்றோடு நிறுத்துங்கள்.

6. வட்ஸ்அப் குழுவில்

எழுதியது வாய்ச்சொல்லைவிடத் தூரம் போகும். “எல்லோருக்கும் அழித்தல்” என்ற வசதி ஏறத்தாழ இரண்டரை நாளுக்குத்தான் வேலை செய்யும்; அதற்கிடையில் எவராவது அதைப் படம் பிடித்திருந்தால் அழித்தும் பயனில்லை. குரல் பதிவு இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் கோபம் அதிலே அப்படியே பதிந்திருக்கும்.

தொடர்மாடிக் குழுவில் ஒருவரின் பெயரையோ வீட்டு இலக்கத்தையோ போட்டுக் குறை எழுதாதீர்கள். அவருக்குத் தனியாக எழுதுங்கள். கோபத்தில் தட்டெழுதியதை அனுப்பாமல் மறுநாள் காலை வரை வைத்திருங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எந்தக் குறையும் அனுப்புவதில்லை என்று ஒரு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். பலமுறை முன்னனுப்பப்பட்டது என்ற அடையாளத்துடன் வரும் செய்தியை, அது உங்கள் மாமா அனுப்பியதாக இருந்தாலும், தட்டிவிடாதீர்கள்.

சட்டத்தையும் தெரிந்திருங்கள். இலங்கையில் அவதூறு 2002ஆம் ஆண்டிலிருந்து குற்றவியல் குற்றமல்ல என்றாலும், பாதிக்கப்பட்டவர் சிவில் நீதிமன்றத்தில் நட்டஈடு கோரி வழக்கிடலாம். அதற்கு முன் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் வீட்டுக்கு வரும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இணையவழியில் பொய்யான கூற்றுகளைப் பரப்புவது தொடர்பான ஏற்பாடுகளைக் கொண்டிருக்கிறது.

7. நல்லதை அன்றன்றே சொல்லுங்கள்

குறையைக் குறைத்தால் மட்டும் பேச்சு நிரம்பாது. வெற்றிடத்தில் பழைய பேச்சே வந்து குந்திவிடும். ஆகவே கொப்பியின் மறுபக்கத்தில், ஒரு நாளைக்கு ஒருவரிடம் சொன்ன ஒரு நல்ல சொல்லை எழுதி வாருங்கள். பொதுவாகப் புகழ்வதால் பயனில்லை. “நீங்கள் நல்லவர்” என்பதைவிட, “நேற்று மழையிலை என்ரை உடுப்பை எடுத்து உள்ளை வைச்சதுக்குப் பெரிய உபகாரம் அக்கா” என்பது மனதில் நிற்கும்.

சிங்களம் தெரியாதவர்களும் “கருணாகரலா”, “பொஹொம ஸ்தூதி”, “சமாவென்ன” என்ற தயவு, நன்றி, மன்னிப்புச் சொற்களையாவது முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். பஸ் நடத்துநரையும் மரக்கறிக் கடைக்காரரையும் வயதுக்கேற்ப “அய்யே”, “மல்லி”, “அக்கே”, “நங்கி” என்று அழைத்துப் பேசினால், பாதிக் காரியம் அங்கேயே முடிந்துவிடும்.

அலுவலகம் ஒன்றில் ஒருவர் உங்களுக்கு நன்றாக உதவினால், அதன் தலைவருக்கு ஒரு பக்க நன்றிக் கடிதம் எழுதுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி; தமிழிலேயே எழுதலாம். திகதி, கருமபீட இலக்கம், செய்த உதவி ஆகிய மூன்றும் இருந்தால் போதும். செலவு ஒரு முத்திரையும் உறையும். முறைப்பாட்டுக் கடிதங்களையே வாசித்து அலுத்துப்போன மேசைகளுக்கு அப்படி ஒரு கடிதம் போய்ச் சேருவதை நான் மிகவும் விரும்புகிறேன்.

8. எதை அடக்கவே கூடாது

இந்த வழிகாட்டியை எவரும் வாயடைக்கும் கருவியாகப் பாவிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். “குறை சொல்லாதே, வீட்டுக் கதையை வெளியே விடாதே” என்று சொல்லித்தான் பல வீடுகளில் அடியும் உதையும் மூடி மறைக்கப்படுகின்றன. வன்முறையைச் சொல்வது விடுப்பு அல்ல. வீட்டில் வன்முறை இருந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929, உடனடி ஆபத்தில் பொலிஸ் அவசர இலக்கம் 119. பஸ்ஸிலோ அலுவலகத்திலோ நடக்கும் பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். இவற்றில் சாந்தமாகப் பேச வேண்டிய கடமை பாதிக்கப்பட்டவருக்குக் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. புது நகரத்தில் தனியாக இருக்கும்போது, ஓயாத புறுபுறுப்புக்கு அடியில் சில நேரம் பெருந்துயர் கிடக்கும். உங்களுக்கோ பக்கத்து அறைக்காரருக்கோ அப்படித் தோன்றினால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 அல்லது CCCline என்ற ஆலோசனைச் சேவையின் 1333 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

9. சொல் முறிந்துவிட்டால்: மத்தியஸ்த சபை

இவ்வளவு செய்தும் பேச்சு முறிந்துவிட்டால், பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள், இணக்க சபை என்றும் சொல்வார்கள், அயலவர் சச்சரவு, சிறு கொடுக்கல் வாங்கல், வார்த்தைத் தகராறு போன்றவற்றை இரு தரப்பையும் இருத்திப் பேசவைத்துத் தீர்க்கின்றன. அவை தீர்ப்புச் சொல்வதில்லை. மூன்று மத்தியஸ்தர்கள் அமர்வார்கள். தரப்புகளுக்காகச் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது, ஆகவே சட்டத்தரணிச் செலவும் இல்லை.

உங்கள் பிரதேசத்துச் சபை எங்கே கூடுகிறது என்பதைக் கிராம சேவையாளரிடமோ பிரதேச செயலகத்திலோ கேளுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரருக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கொழும்புப் பிரதேச செயலகம். அமர்வுகள் பெரும்பாலும் வார இறுதியில் நடப்பதால் வேலைக்கு லீவு எடுக்கத் தேவை வராது. சபையின் தவிசாளருக்கு எழுதும் விண்ணப்பத்தில் இரு தரப்பின் பெயர், முகவரி, நடந்தது, நீங்கள் கேட்பது ஆகியவை ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். நடந்ததைத் திகதி வாரியாக எழுதுங்கள். எதிர்த் தரப்பின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை மூன்றாம் படியில் சொன்ன கோப்பில் சேருங்கள்.

அமர்வு அன்று தேசிய அடையாள அட்டையையும் அந்தக் கோப்பையும் கொண்டுபோங்கள். சாட்சிக்கென்று நண்பர் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பத்துப் பேர் முன்னால் எவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். முதலில் எதிர்த் தரப்பு செய்த ஒரு நல்லதைச் சொல்லிவிட்டு உங்கள் கோரிக்கையைச் சொல்லுங்கள். வீட்டுக்கார அம்மா உங்கள் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்திருந்தால் அதை அங்கே சொல்வதில் உங்கள் வழக்கு எந்த விதத்திலும் பலவீனப்படாது. ஒரே அமர்வில் முடியாவிட்டால் இன்னொரு திகதி தருவார்கள். இணக்கம் வந்தால், எழுதியதை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பின்னரே கையெழுத்திடுங்கள். வராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், நீதிமன்றம் போக வேண்டி வந்தால் அது தேவைப்படும். எந்த முடிவோடு வெளியே வந்தாலும், உள்ளே பேசியதை வீட்டுக்கு வரும் வழியில் எவருக்கும் தொலைபேசியில் சொல்லாதீர்கள்.